ரைடு ஆன் டைம்: அந்தக் குரல் யாருடையது?

1989-இல் பிரிட்டனில் அதிகம் விற்ற சிங்கிள், அதாவது தனிப்பாட்டுத் தட்டு, ‘ரைடு ஆன் டைம்’. பிளாக் பாக்ஸ் என்ற இத்தாலியக் குழுவின் பெயரில் வந்தது. செப்டம்பரில் முதலிடத்துக்கு ஏறி ஆறு வாரம் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ரிச்சர்ட் மார்க்ஸின் ‘ரைட் ஹியர் வெயிட்டிங்’, டெக்னோட்ரானிக்கின் ‘பம்ப் அப் த ஜாம்’ இரண்டும் பிரிட்டனில் இரண்டாம் இடத்தைத் தாண்டவே இல்லை. இதைப் பாடியது யார் என்று அன்றைக்கு இசைத்தட்டு வாங்கியவரிடம் கேட்டிருந்தால், தொலைக்காட்சியில் வாயசைத்த அந்த உயரமான மாடல் பெண்ணைச் சொல்லியிருப்பார். அவர் ஒரு வரிகூடப் பாடவில்லை.

குரல் லோலியாட்டா ஹாலோவே என்ற அமெரிக்கப் பாடகியுடையது. 1980-இல் அவர் பாடிய ‘லவ் சென்சேஷன்’ என்ற வேறொரு பாட்டிலிருந்து வெட்டி எடுத்தது. அதுவும் கொஞ்ச நாள்தான். வழக்கு மிரட்டல் வந்ததும் அதே வரிகளை ஹீதர் ஸ்மால் என்ற லண்டன் பாடகியைப் பாடவைத்து, புதிய பதிப்பைக் கடைகளுக்கு அனுப்பினார்கள். முகம் கத்ரின் கினோல் என்ற பிரெஞ்சு மாடலுடையது. ஆக ஒரே தலைப்பில் இரண்டு குரல், ஒரு முகம். பாடிய இருவரின் பெயரும் தட்டில் இல்லை.

ஏமாற்று வேலை என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் அந்தத் தட்டைச் செய்த மூவரும் தொழில் தெரிந்தவர்கள். அவர்கள் செய்ததில் பெரும்பகுதி அன்றைய நடைமுறைக்கு உட்பட்டதும்கூட. பாட்டை எழுதியவருக்கு உரிமை உண்டு, பதிவுக்குப் பணம் போட்ட நிறுவனத்துக்கு உரிமை உண்டு, தொண்டையைக் கொடுத்தவருக்கு மட்டும் ஏறக்குறைய ஒன்றும் இல்லை என்ற ஏற்பாட்டுக்குள்தான் இது நடந்தது. அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்தது என்று பார்ப்பதற்கு இதைவிடத் தெளிவான பாட்டு கிடைக்காது.

ஹாலோவே 1946-இல் சிகாகோவில் பிறந்தவர். சர்ச்சில் காஸ்பல் பாடி வளர்ந்தவர். அறுபதுகளின் பிற்பகுதியில் புகழ்பெற்ற கேரவன்ஸ் காஸ்பல் குழுவில் இருந்தார். எழுபதுகளில் சோல் பாடல்களுக்கு வந்து, அங்கிருந்து நியூயார்க்கின் சால்சோல் நிறுவனத்தோடு சேர்ந்து டிஸ்கோ பாட ஆரம்பித்தார். சால்சோல் சாதாரண நிறுவனம் இல்லை. 12 அங்குல சிங்கிளை முதன்முதலாகப் பொதுமக்களுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது அவர்கள்தான், 1976-இல். அதுவரை அந்த அளவுத் தட்டுகள் கிளப் டிஜேக்களுக்கு மட்டுமே போய்க்கொண்டிருந்தன. பள்ளம் அகலமாக இருப்பதால் பாஸும் டிரம்மும் கனமாகக் கேட்கும், பாட்டையும் ஏழெட்டு நிமிடத்துக்கு நீட்டலாம்.

1980-இல் வந்த ‘லவ் சென்சேஷன்’ பாட்டை எழுதித் தயாரித்தவர் டேன் ஹார்ட்மன். முந்தைய ஆண்டு அவருடைய ‘ரிலைட் மை ஃபயர்’ பாட்டிலும் ஹாலோவேயின் குரல் வந்து கலக்கியிருந்தது. ஹார்ட்மன் எளிதில் திருப்தியடையும் ஆள் இல்லை. ‘லவ் சென்சேஷன்’ பாட்டை முப்பது தடவை போலப் பாடவைத்தார் என்றும், இரண்டாம் நாள் குரல் கட்டிப்போய், காப்பியில் விக்ஸ் வேபோரப்பைக் கலந்து குடித்துவிட்டுத்தான் அந்த உச்சஸ்தாயியைப் பிடித்தேன் என்றும் ஹாலோவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். ஆனால் அந்தப் பதிவைக் கேட்டால் கதை நம்பும்படிதான் இருக்கிறது. மேலே போகப் போகக் குரல் கொஞ்சம் கிழிகிறது. கிழியும் இடத்தில் அவர் பின்வாங்காமல் இன்னும் அழுத்துகிறார். பிறகு உலகமே வெட்டி எடுத்துக்கொண்டது பெரும்பாலும் அந்த இடங்களைத்தான்.

பாட்டு அமெரிக்க டான்ஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பொதுவான பாப் சந்தையில் எடுபடவில்லை, காலம் அப்படி. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், ஒரு வானொலி அறிவிப்பாளரின் தலைமையில், பெட்டி நிறைய டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்து, அன்றைய இரண்டாவது ஆட்டமே ரத்தானது. டிஸ்கோ என்ற பெயரைக் கேட்டாலே வானொலிகள் ஓட்டம் பிடித்த அந்தச் சூழலில் ‘லவ் சென்சேஷன்’ கிளப்புகளோடு நின்றுவிட்டது. சால்சோலும் எண்பதுகளின் நடுவில் கடையைக் கட்டியது. ஆனால் பதிவுகளின் உரிமையை விட்டுவிடவில்லை. இது பின்னால் முக்கியமாகிறது.

தட்டுகளை வெடிவைத்த அதே ஊரில், வேர்ஹவுஸ் என்ற கிளப்பில், ஃபிராங்கி நக்கிள்ஸ் அந்த சால்சோல் தட்டுகளையே எடுத்து வெட்டி ஒட்டி, டிரம்மை நீட்டி, விடிய விடிய ஒலிக்கவிட்டுக்கொண்டிருந்தார். அந்த கிளப்பின் பெயரிலிருந்துதான் ஹவுஸ் இசை என்ற பெயரே வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். எண்பதுகளின் நடுவில் சிகாகோ இளைஞர்கள் மலிவான டிரம் மெஷின்களை வைத்து அந்த உணர்வைத் தாங்களே தயாரிக்கத் தொடங்கினார்கள். அது கடல் தாண்டியது. இங்கிலாந்துக்கு ஒரு கிளை, இத்தாலிக்கு ஒரு கிளை.

இத்தாலிக்கு நடன இசை புதிதில்லை. அட்ரியாட்டிக் கடலோரம் ரிமினி, ரிச்சோனே பக்கம் பெரிய பெரிய டிஸ்கோ கூடங்கள் இருந்தன. எண்பதுகள் முழுக்க ‘இட்டாலோ டிஸ்கோ’ என்ற பெயரில் சின்தசைசர் பாட்டுகளை உற்பத்தி செய்து ஐரோப்பா முழுவதும் விற்றார்கள். அங்கே ஒரு பழக்கம் உண்டு. ஸ்டூடியோவுக்குள் தயாரிப்பாளர்கள் இரண்டு மூன்று பேர், வெளியே தட்டுக்குத் தட்டு வேறு பெயர். குழு என்று ஒன்று உண்மையில் இருக்காது, தொலைக்காட்சிக்கு யாராவது அழகான ஆளை நிறுத்துவார்கள். பிளாக் பாக்ஸும் அந்த மரபில் பிறந்த பிள்ளைதான்.

ரெஜ்ஜோ எமிலியாவைச் சேர்ந்த டானியேலே டவோலி கிளப் டிஜே. வலேரியோ செம்ப்ளிச்சி முறையாகச் செவ்வியல் இசை படித்த கிளாரினெட் கலைஞர். மிர்கோ லிமோனி கீபோர்டும் கணினியும் கையாள்பவர். மூவரும் சேர்ந்த தயாரிப்புக் கூட்டணிக்கு குரூவ் குரூவ் மெலடி என்று பெயர். 1989 ஒரே ஆண்டில் ஸ்டார்லைட் என்ற பெயரில் ‘நூமெரோ ஊனோ’, மிக்ஸ்மாஸ்டர் என்ற பெயரில் ‘கிராண்ட் பியானோ’ என்று இரண்டு தட்டுகளைப் பிரிட்டிஷ் முதல் பத்துக்குள் கொண்டுபோனவர்களும் இவர்களே. அப்போது அந்த மூன்று பாட்டையும் வாங்கிய பலருக்கு, மூன்று குழுக்களின் பாட்டை வாங்கியதாகத்தான் நினைப்பு.

இனி செய்முறை. அகபெல்லா என்றால் வாத்தியங்கள் இல்லாத வெறும் குரல் பதிப்பு. டிஜேக்கள் வேறொரு தட்டின் தாளத்துக்கு மேலே போட்டுக் கலப்பதற்காக இந்தக் குரல் பதிப்புகள் தட்டுகளில் உலவின. ‘லவ் சென்சேஷன்’ குரலும் அப்படித்தான் டிஜேக்கள் கைக்குப் போனது. வாத்தியம் இல்லாத சுத்தமான குரல் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது மாதிரி. அதைச் சாம்ப்ளருக்குள் ஏற்ற வேண்டியதுதான்.

சாம்ப்ளர் என்பது ஒலியின் ஒரு துண்டை நினைவகத்தில் பதிந்துவைத்து, கீபோர்டின் ஒரு கட்டையை அழுத்தும்போது அதை ஒலிக்கும் கருவி. இன்றைக்கு அது கைப்பேசியிலேயே இருக்கிறது. அன்றைக்கு நினைவகம் தங்கம் மாதிரி. 1986-இல் வந்த அக்காய் எஸ்900 முழுத் தரத்தில் ஏறத்தாழ 12 நொடிதான் பிடித்துவைக்கும். அடுத்த ஆண்டு வந்த ஈமு எஸ்பி-1200 மொத்தமே 10 நொடி. முழுப் பாட்டை உள்ளே போட வழியே இல்லை. ஒரு சொல், அரை வரி, ஒரு கத்தல் என்று பொறுக்கித்தான் ஆக வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. அப்போதைய பெரும்பாலான கருவிகளில் வேகத்தைக் கூட்டினால் சுருதியும் கூடிவிடும், குறைத்தால் இறங்கிவிடும். துண்டு சின்னதாக இருந்தால் இந்தத் தொல்லை குறைவு. புதிய தாளத்தின் இடைவெளிகளில் அவற்றைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம்.

கட்டையை அழுத்தி, துண்டு முடிவதற்குள் மறுபடி அழுத்தினால், குரல் முதலிலிருந்து தொடங்கும். வேகமாக நாலு முறை தட்டினால் சொல்லின் முதல் எழுத்து மட்டும் நாலு முறை வெடிக்கும். எண்பதுகளின் கடைசி நடனப் பாட்டுகளில் பாடகர் திக்குவது போல வரும் அந்த ஒலி, இப்படிக் கருவியின் போதாமையிலிருந்து வந்த அலங்காரம். ‘ரைடு ஆன் டைம்’ பாட்டில் ஹாலோவேயின் குரல் ஒரு வரியாகப் பாயாமல், தாளத்தின் மேல் எறிந்த கற்கள் மாதிரி வந்து விழுவதற்குக் காரணம் இதுதான்.

மூலப் பாட்டில் அவர் ஒரு காதல் அனுபவத்தைச் சொல்லிக்கொண்டே போய்ப் படிப்படியாகச் சூடேற்றுகிறார், வயலின்களும் பித்தளை வாத்தியங்களும் கூடவே ஏறுகின்றன. உச்சம் வரும்போது கேட்பவர் அதற்குத் தயாராகிவிடுகிறார். இத்தாலியர்கள் அந்தப் பயணத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு உச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதற்கு அடியில் கெட்டியான டிரம், அதன் மேல் பளீரென்ற பியானோ. கையை விரித்து ஒரே அடியாக அடிக்கும் பியானோ ஸ்வரக்கூட்டுகள், தாளத்துக்குச் சற்று முன்னும் பின்னுமாக விழும். இத்தாலிய ஹவுஸ் என்றாலே அந்தப் பியானோதான் அடையாளம். வேகம் நிமிடத்துக்கு 118 தட்டு போல இருக்கும், அதாவது வேகமாக நடப்பவரின் காலடி. தேவாலயத்தில் வளர்ந்த குரலின் அடியில் தேவாலயப் பியானோவின் சாயல் வந்து உட்கார்ந்தது தற்செயலா, செம்ப்ளிச்சியின் இசைப்படிப்பா தெரியாது, பொருத்தம் அபாரம். இதைத் தொகுப்பு வேலை என்று தள்ளிவிடுபவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. மூலப் பாட்டையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டால் இரண்டும் இரண்டு பாட்டுதான்.

தலைப்பு ஒரு காதுப் பிழை. மூலத்தில் அவர் பாடுவது ‘ரைட் ஆன் டைம்’, சரியான நேரத்துக்கு வந்தாய் என்ற பொருளில். ஆங்கிலம் தாய்மொழி இல்லாத மூவருக்கும் அது ‘ரைடு’ என்று விழுந்தது, அப்படியே அச்சாகிவிட்டது. தாய்மொழிக்காரர்களும் அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை.

பிரிட்டனில் அது வந்து விழுந்த நேரம் அப்படி. 1988 கோடையில் தொடங்கிய ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை அலை 1989-இல் கிளப்புகளை விட்டு வெளியே வழிந்து, லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலை ஓரத்து வயல்களுக்கும் விமானத் திடல்களுக்கும் போனது. ஜூன் மாதம் பெர்க்‌ஷயரின் வைட் வால்தம் விமானத் திடலில் சன்ரைஸ் அமைப்பு நடத்திய ஒரே இரவு விருந்துக்கு 10,000 பேர் போல வந்தார்கள். இடம் எங்கே என்று கடைசி நேரம் வரை சொல்ல மாட்டார்கள். ஒரு தொலைபேசி எண்ணைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டு, கார்கள் வரிசையாகக் கிளம்பும். பத்திரிகைகள் போதைப்பொருள் என்று அலறின, காவல்துறை தனிப்பிரிவு அமைத்தது, அடுத்த ஆண்டு இத்தகைய விருந்துகளுக்கான தண்டனையைக் கடுமையாக்கிச் சட்டமே வந்தது. வானொலிக்காரர்களுக்கு இந்த இசை எங்கிருந்து வருகிறது என்றே புரியாத நேரத்தில், வயலில் ஆடியவர்கள் திங்கட்கிழமை கடைக்குப் போய் அந்தத் தட்டைக் கேட்டார்கள். இத்தாலியில் டிஸ்கோமேஜிக் வெளியிட்டிருந்த ‘ரைடு ஆன் டைம்’ பாட்டை பிரிட்டனில் டிகன்ஸ்ட்ரக்‌ஷன் என்ற நிறுவனம் எடுத்து வெளியிட்டது. கிளப் உலகத்துக்கு நெருக்கமான ஆட்கள் நடத்திய நிறுவனம், பின்னால் பெரிய இசைத்தட்டு நிறுவனமான ஆர்சிஏவின் விநியோக பலம். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அந்த ஆறு வாரம் காட்டியது.

அந்தப் பருவத்தில் பட்டியலின் உச்சியே பழைய தட்டுகளின் மறுசுழற்சி நிலையமாகத்தான் இருந்தது. பிளாக் பாக்ஸுக்கு முன்னால் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது ஜைவ் பன்னி, அதாவது ஐம்பதுகளின் ராக் அண்டு ரோல் பாட்டுகளைத் துண்டு துண்டாக ஒட்டிய கோவை. பிளாக் பாக்ஸ் இறங்கியதும் மேலே ஏறியதும் ஜைவ் பன்னியேதான். ஜைவ் பன்னியை விமர்சகர்கள் கல்யாண வீட்டுக் கூத்து என்று ஒதுக்கினார்கள், பிளாக் பாக்ஸை எதிர்காலம் என்றார்கள். செய்முறையில் இருவரும் உறவுக்காரர்கள் என்பதை அப்போது யாரும் அவ்வளவாகப் பேசவில்லை.

சரி, மேடைக்கு யார் போவது? கத்ரின் கினோல் குவாடலூப்பைச் சேர்ந்த குடும்பத்துப் பெண், மாடல். பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ நிகழ்ச்சியில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு அவர் வாயசைத்தார், ஆடினார். ஒல்லியான உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய குரல் வருவதே கண்ணுக்கு ஒட்டவில்லை. அதைவிட, வெட்டி ஒட்டிய குரலில் மூச்சு விடும் இடமே கிடையாது. மனிதத் தொண்டை அப்படித் திக்காது. எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் அதற்கு உதடு பொருத்த முடியாது. சந்தேகம் முதல் வாரத்திலேயே கிளம்பிவிட்டது.

ஒருவர் பாடி இன்னொருவர் வாயசைப்பதில் நமக்கு அதிர்ச்சி எதுவும் இருக்காது, தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதுதான் இயல்பு. ஆனால் இங்கே பின்னணி பாடியவர் பெயர் இசைத்தட்டு உறையில் வரும், வானொலி அறிவிப்பிலும் வரும். ஐரோப்பிய நடன இசையில் உதடு பொருந்தாதது பெரிய குற்றமாகப் பேசப்பட்டது, பெயர் விடுபட்டது வெகுநாள் பேச்சாகவே ஆகவில்லை.

அமெரிக்காவில் இருந்த ஹாலோவேக்கு, தன் குரல் பிரிட்டனில் முதலிடத்தில் இருக்கிறது என்ற தகவல் போனது. அவருக்கு அதுவரை ஒரு காசு வரவில்லை. பதிவின் உரிமையாளரான சால்சோலும் களத்தில் இறங்கியது. இந்த இடத்தில்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்.

ஒரு பாட்டுத் தட்டில் மூன்று பேரின் பங்கு இருக்கிறது. முதலாவது பாட்டை எழுதியவர், அதாவது சொல்லும் மெட்டும். இங்கே ஹார்ட்மன். ‘ரைடு ஆன் டைம்’ எழுதியவர்கள் பட்டியலில் மூன்று இத்தாலியர்களோடு அவர் பெயரும் இருக்கிறது, அந்த வழியில் அவருக்குப் பங்கு போகும். இரண்டாவது, குறிப்பிட்ட அந்த ஒலிப்பதிவின் உரிமையாளர், அதாவது நாடாவுக்குச் சொந்தக்காரர். இங்கே சால்சோல். மூன்றாவது பாடியவர். எழுதியவர் பட்டியலில் ஹாலோவே இல்லை, ஏனென்றால் அவர் எழுதவில்லை. முப்பது தடவை பாடி, கடைசியில் எந்த இடத்தில் அழுத்த வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்று அவர் கண்டுபிடித்தது சட்டத்தின் கணக்கில் எழுத்து ஆகாது. நாடாவும் அவருடையது இல்லை. நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம் என்ன கொடுக்கிறதோ அதுதான் அவருக்கு. ஆக, உலகம் அந்தத் தட்டை எதற்காக வாங்கியதோ அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர், பங்கு கேட்கும் வரிசையில் கடைசியில் நின்றார்.

மற்ற இருவரின் பிரச்சினையைத் தீர்க்க ஒரு சுலபமான வழி இருந்தது. வேறொருவரை அழைத்து அதே வரிகளைப் பாடவைத்துவிட்டால், சால்சோலின் நாடா தட்டில் இல்லை. ஹார்ட்மனுக்கு எழுதியவர் பங்கு போய்க்கொண்டே இருக்கும். முடிந்தது கதை. அதைத்தான் செய்தார்கள். ஹீதர் ஸ்மால் அப்போது ஹாட் ஹவுஸ் என்ற, அதிகம் அறியப்படாத குழுவில் பாடிக்கொண்டிருந்தவர். அவருக்கு இது ஸ்டூடியோவுக்குப் போய்ப் பாடிவிட்டு வரும் வேலை. அவர் பெயரும் போடப்படவில்லை. தட்டு அதே எண்ணிக்கையில் விற்றுக்கொண்டே இருந்தது, வாங்கியவர்களில் பலருக்கு மாற்றம் தெரியவே இல்லை. சில ஆண்டுகளில் எம் பீப்பிள் குழுவின் குரலாக அவர் பெரிய பெயர் எடுத்தார், அந்தக் குழு 1994-இல் மெர்குரி பரிசும் வாங்கியது. அதற்கப்புறம்தான், அந்தப் பழைய தட்டிலும் இவர்தானே என்று ஊர் காதைத் தீட்டியது.

இந்த மறுபதிவு எனக்கு முதல் வெட்டைவிடக் கொடுமையாகப் படுகிறது. முதலில் ஹாலோவேயின் பெயரைத்தான் விட்டார்கள். மறுபதிவில் அவர் குரலையும் எடுத்துவிட்டார்கள், ஆனால் அவர் கண்டுபிடித்த இழுப்பும் அழுத்தமும் அப்படியே இருந்தன. அவற்றை ஸ்மால் தன் தொண்டையில் திரும்பச் செய்தார். அதற்கு யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. முந்தைய ஆண்டுதான், 1988-இல், பாடகி பெட் மிட்லரின் குரலைப் போலவே ஒருத்தியைப் பாடவைத்து விளம்பரம் எடுத்த ஃபோர்டு நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று மிட்லருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்தது. அது விளம்பரத்துக்கும், ஊரறிந்த குரலுக்கும் பொருந்திய தீர்ப்பு. ஊரறியாத குரலுக்கு அந்தக் குடை கிடையாது. ஹாலோவேயை ஊர் அறியாமல் போனதற்குக் காரணமே உறையில் பெயர் போடாததுதான் என்பது தனி வேடிக்கை. கடைசியில் ஹாலோவே தரப்போடு நீதிமன்றத்துக்கு வெளியே பணம் கொடுத்துச் சமரசம் ஆனது, தொகை வெளியே வரவில்லை.

பிளாக் பாக்ஸ் இதோடு திருந்தியதா என்றால், இல்லை. 1990-இல் வந்த ‘ட்ரீம்லேண்டு’ ஆல்பத்தில் சாம்ப்ளருக்குப் பதில் நேரடியாக ஒரு பாடகியை வைத்துக்கொண்டார்கள். ‘இட்ஸ் ரெய்னிங் மென்’ புகழ் வெதர் கேர்ள்ஸ் இருவரில் ஒருவரான மார்த்தா வாஷ். ‘எவ்ரிபடி எவ்ரிபடி’ அமெரிக்கப் பட்டியலில் எட்டாம் இடம் வரை போனது. பாடியவர் வாஷ், காணொளியில் வாயசைத்தவர் மறுபடியும் கினோல். வாஷ் பருமனான உடல்வாகு கொண்டவர், அதனால்தான் மறைக்கப்பட்டோம் என்பது அவருக்குத் தெரியும், அதை வெளிப்படையாகவே சொன்னார். ஹாலோவேயைப் போல நாடாவின் சொந்தக்காரரை நம்பி நிற்காமல், ஆர்சிஏ மீது வழக்குப் போட்டார். அதே சமயத்தில் இன்னொரு ஹிட், சி அண்டு சி மியூசிக் ஃபேக்டரியின் ‘கானா மேக் யூ ஸ்வெட்’, அதிலும் வாஷின் குரலுக்கு வேறொருவர் வாயசைத்திருந்தார். அங்கேயும் வழக்குப் போட்டார். ஆர்சிஏ சமரசத்துக்கு வந்து அவருக்கே பாடல் ஒப்பந்தம் கொடுத்தது. மற்ற வழக்கில், அந்தத் தட்டை வெளியிட்ட சோனி இறங்கிவந்து, எம்டிவியில் அந்தக் காணொளியோடு வாஷ்தான் பாடியவர் என்ற குறிப்பைச் சேர்க்கச் சொன்னது.

காலமும் அவருக்குக் கைகொடுத்தது. 1990 நவம்பரில் மில்லி வனில்லி என்ற இருவர் பாப் குழுவின் விவகாரம் வெடித்தது. இருவரும் தங்கள் ஆல்பத்தில் ஒரு சொல்லும் பாடவில்லை என்று அவர்களுடைய தயாரிப்பாளரே ஒப்புக்கொள்ள, கிராமி விருது பறிக்கப்பட்டது. ஓராண்டுக்கு முன்னால் கினோலைப் பார்த்துத் தோளைக் குலுக்கிவிட்டுப் போன அதே உலகம் இப்போது ஆவேசப்பட்டது. மில்லி வனில்லியில் ஏமாந்தது ரசிகர்கள், கூடவே ஒரு விருதுக் குழு. பிளாக் பாக்ஸில் ஏமாந்தது ஒரு கறுப்பினப் பாடகி. ஆவேசத்தின் அளவு ஏன் வேறுபட்டது என்பதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

சாம்ப்ளிங்குக்கும் கணக்கு கேட்கும் காலம் வந்தது. 1991 டிசம்பரில் பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகர் கில்பர்ட் ஓ’சல்லிவனின் பாட்டை அனுமதியில்லாமல் சாம்ப்ளிங் செய்த வழக்கில், நியூயார்க் நீதிபதி ‘திருடாதே’ என்ற விவிலியக் கட்டளையை மேற்கோள் காட்டித் தீர்ப்பைத் தொடங்கினார். அதன் பிறகு பெரிய நிறுவனங்கள் முன்அனுமதி இல்லாமல் ஒரு துண்டையும் தொடப் பயந்தன. பயன் பெற்றது முதன்மையாக நாடாவின் சொந்தக்காரர்கள்தான். பெயர் போடுவது அப்புறமும் ஒப்பந்தத்தைப் பொறுத்த விஷயமாகவே இருந்தது. பிரிட்டனின் புதிய காப்புரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது 1989 ஆகஸ்ட் 1, ‘ரைடு ஆன் டைம்’ பட்டியலில் ஏறிக்கொண்டிருந்த அதே கோடை. எழுத்தாளர், இசையமைப்பாளர் போன்ற படைப்பாளிகளுக்குத் தம் பெயரைக் கோரும் உரிமையை அந்தச் சட்டம் கொடுத்தது. பாடியவர்களுக்கும் அந்த உரிமை என்று சட்டம் சொன்னது 2006-இல். நடுவில் பதினேழு ஆண்டு.

ஹாலோவேக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 1991-இல் மார்க்கி மார்க் அண்டு த ஃபங்கி பன்ச், அதாவது பின்னாளில் நடிகராகப் பெயர் பெற்ற மார்க் வால்பெர்க்கின் குழு, அதே ‘லவ் சென்சேஷன்’ குரலை எடுத்து ‘குட் வைப்ரேஷன்ஸ்’ செய்தது. இந்த முறை தட்டிலேயே லோலியாட்டா ஹாலோவே என்று அச்சிட்டார்கள், பணமும் கொடுத்தார்கள். அக்டோபரில் அது அமெரிக்காவின் ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தது. அவர் பெயரோடு அந்த இடத்துக்குப் போன ஒரே பாட்டு அது. 2011 மார்ச்சில் அவர் காலமானார்.

‘ரைடு ஆன் டைம்’ பாட்டின் இரண்டு பதிப்புகளும் இன்றும் உலவுகின்றன, தொகுப்புகளில் எது வரும் என்று உறுதி இல்லை. பிரித்தறிவது ஒன்றும் கஷ்டமில்லை. ஸ்மாலின் குரல் கீழ்ஸ்தாயியில் கனமானது, உருண்டையானது, ஓரங்கள் மழமழவென்று இருக்கும், உச்சத்தில்கூட அவர் கட்டுப்பாட்டை விடுவதில்லை. ஹாலோவேயின் பதிப்பில் உச்சம் வரும்போது கரகரப்பு தெரியும், குரல் உடைகிற மாதிரி வந்து உடையாமல் நிற்கும். வெட்டுகளும் அங்கே கூர்மையாகக் கேட்கும், ஏனென்றால் அது உண்மையிலேயே வேறொரு பாட்டிலிருந்து பிய்த்து எடுத்தது. காதுக்குப் பழக்கமாக ‘லவ் சென்சேஷன்’ பாட்டை ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட்டு இங்கே வந்தால், முதல் சொல்லிலேயே எது யார் என்று தெரிந்துவிடும்.